வேலையிழந்தவனின் உடல்: சில வாசிப்புக் குறிப்புகள்

எனது சிறுகதைகளைத் தொகுப்பாக்கும் முயற்சியில் அண்மையில் ஈடுபட்டிருந்தபோது, சேர்ப்பதா விடுவதா என்று என்னால் முடிவு செய்ய முடியாத கதை ஒன்று இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதியது. புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒருவர் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார். வீட்டில் அடுப்பெரியவில்லை. பிள்ளைகளுக்கு வெறுந்தேத்தண்ணி கொடுத்துத் தூங்க வைக்கிறாள் தாய். இறுதியில் அவர் பசி மயக்கத்தில் தெருவில் விழுகிறார். கதை வெளிவந்தபோது நண்பர்கள் பாராட்டினார்கள். வறுமையின் உக்கிரத்தைத் தத்ரூபமாகச் சொல்கிறது என்று ஒரு கூட்டத்தில் பேசவும் பட்டது.

கதையில் வருபவர் என்னுடைய வாப்பாதான். அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மகன், எங்கட ஊட்டுல எப்ப சோறில்லாம ஈந்திச்சி?" என்று கேட்டார். பிறகு, "வாப்பாட வருத்தத்தப் பத்தி ஒன்டுமே எழுதல்லயே" என்றார்.

உம்மா சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் பட்டினி இருக்கவில்லை. நானா சவூதியிலிருந்து மாதாமாதம் காசு அனுப்பிக்கொண்டிருந்தார். வாப்பாவின் சேமலாப நிதியும் கைக்கு வந்திருந்தது. ஆனால், 27 வருடங்கள் ஒரே கடையில் பேரேடு எழுதிய மனிதர், கடை கைமாறி கம்பியூட்டர் வந்ததும், வருகிற முதலாம் திகதியிலிருந்து வரத் தேவையில்லை என்று சொல்லப்பட்ட பின்னர், எங்கள் கண் முன்னாலேயே நோயாளியானார். வேலை போவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவருக்குத் தூக்கம் போயிருந்தது. பிரஷர் கூடியது. வேலை போன பிறகு சீனி வருத்தம் வந்தது. காலையில் வழமைபோலக் குளித்து, சேட் உடுத்து, பொக்கற்றில் பேனையும் குத்திக்கொண்டு முன் விறாந்தையில் இருப்பார். பத்து மணியளவில் உள்ளே போய்ச் சேட்டைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்வார். பள்ளிவாசலுக்குப் போய்வர முன்னர் பத்து நிமிடம் எடுத்தவருக்கு இப்போது அரை மணி நேரம் போதவில்லை. பத்திரிகை வாசிப்பதையும் விட்டார். நான்காவது வருடம் மாரடைப்பில் மௌத்தானார். வேலை போனதால்தான் இறந்தார் என்று சொல்ல என்னிடம் மருத்துவச் சான்று எதுவுமில்லை. ஆனால் நான் கண்டது இதுதான். கண்டதை விட்டுவிட்டுக் காணாத பட்டினியை ஏன் எழுதினேன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வியோடு நான் மீண்டும் வாசித்த முதல் நூல் ஒரு புனைகதை அல்ல. ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்குத் தென்கிழக்கே கிராமட்நொய்சீடல் என்ற ஊரை ஒட்டி மரியன்தால் என்றொரு தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்த ஊர். உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, 1929க்கும் 1930க்கும் இடையில் அந்த ஆலை பகுதி பகுதியாக மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றில் வேலையுள்ளவர் எவருமே இல்லாமற் போயிற்று. மரீ யஹோடா, போல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய இளம் ஆய்வாளர்கள் 1931-32 குளிர்காலத்தில் தமது குழுவோடு அங்கு சென்று தங்கி ஆராய்ந்தார்கள். நூல் 1933இல் ஜேர்மன் மொழியில் வந்தது. ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் அவர்களது பெயர்கள் அட்டையில் இடம்பெறவில்லை. 1971இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது.

எழுத்தாளன் என்ற வகையில் என்னை வெட்கப்பட வைத்த நூல் அது. அவர்கள் பசியைப் பதிவு செய்யாமல் விடவில்லை. நிவாரணப் பணம் கிடைப்பதற்கு முந்திய நாளிலும் மறுநாளிலும் பாடசாலைப் பிள்ளைகள் கொண்டு வந்த உணவைப் பார்த்துக் குறித்தார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஊர்த் தெருவை நோக்கிய ஜன்னலோரம் கையில் கடிகாரத்துடன் இருந்து மனிதர்கள் நடக்கும் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். இடையிடையே பல முறை நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் அதிகம் நிற்காமல் வேகமாகப் போனார்கள். நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று மணிக்கணக்காக எழுதித் தரும்படி கேட்டபோது, ஆண்களால் ஓரிரு நிகழ்ச்சிகளுக்கு மேல் நினைவுகூர முடியவில்லை. கைநிறைய நேரமிருந்தும், நூலகத்தில் கட்டணமில்லாமல் நூல்கள் கிடைத்தும், இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இதை வாசித்தபோது, பள்ளிவாசல் பாதையில் நின்று நின்று நடந்த வாப்பாவின் கால்களும், விறாந்தையில் மடிப்புக் குலையாமல் கிடந்த பத்திரிகையும் என் நினைவுக்கு வந்தன. என் கண்ணெதிரே கிடந்த விபரங்கள் அவை. கதைக்கு உதவாதவை என்று நானே ஒதுக்கியிருந்தேன்.

உடல் எப்போது நோயுறத் தொடங்குகிறது? எனது கதையில் வேலை நீக்கம், அதற்குப் பிறகு வறுமை, அதற்குப் பிறகு நோய் என்ற ஒழுங்கு இருக்கிறது. நமது பெரும்பாலான யதார்த்தவாதக் கதைகளின் ஒழுங்கும் இதுதான். ஆர்தர் மில்லர் 1949இல் எழுதிய 'ஒரு விற்பனையாளனின் மரணம்' நாடகத்தில் ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. நாடகம் தொடங்கும்போது வில்லி லோமனுக்கு வேலை இருக்கிறது. ஆனால் காரைத் தெருவில் நேராக ஓட்ட முடியாமல் பாதி வழியில் வீடு திரும்பி விட்டான். தனக்குத்தானே பேசுகிறான். சம்பளம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டு வெறும் தரகுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். வீட்டின் கீழறையில், வாயுக் குழாய்க்கு அருகே அவன் மறைத்து வைத்த இரப்பர்க் குழாயை மனைவி லிண்டா கண்டுபிடித்திருக்கிறாள். அவன் வெளியே போனதும் அதை அகற்றுகிறாள், அவன் திரும்பி வருமுன் அதே இடத்தில் வைத்து விடுகிறாள். எடுத்து எறிந்தால் அவனை அவமதித்ததாகிவிடுமே என்று அஞ்சுகிறாள். இவ்வளவும் அவன் வேலை போவதற்கு முன்னர்.

வேலை நீக்கக் காட்சி இரண்டாவது அங்கத்தில்தான் வருகிறது. 34 வருடங்கள் உழைத்த நிறுவனத்தின் இளைய முதலாளி, தான் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுத் தன் பிள்ளைகளின் குரலை வில்லிக்குக் கேட்கச் செய்கிறான். அதன் பிறகு, வில்லிக்கு ஓய்வு தேவை என்ற தோரணையில் வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறான். வேலை பறித்தவனின் வாயில் அது உடல்நல அக்கறையாகிவிடுகிறது! புறக்கோட்டையிலும் வாப்பாவிடம், "இனி நீங்க ஆறுதலா இருக்கலாம் தானே" என்றுதான் சொன்னார்களாம்.

மில்லர் கலைஞனாகக் கண்டதை மருத்துவ ஆய்வு பின்னர் அளந்து காட்டியிருக்கிறது. ஸ்டனிஸ்லாவ் காஸ்ல், சிட்னி கொப் ஆகியோர் அமெரிக்காவில் மூடப்படவிருந்த ஆலைத் தொழிலாளரைத் தொடர்ந்து அவதானித்து 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆலை மூடப்படப்போகிறது என்று அறிந்து, ஆனால் இன்னும் வேலையில் இருந்த காலத்திலேயே அவர்களது இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. வேலையற்றிருந்த காலத்திலும் அப்படியே இருந்தது. வேறு வேலை கிடைத்து நிலைபெற்ற பிறகு அது இறங்கியது. கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே, பானை காலியாவதற்கு வெகு முன்பே, உடல் செய்தியைப் பெற்றுக்கொள்கிறது. வாப்பாவின் தூக்கம் எந்த மாதத்தில் போயிற்று என்பதை நான் உம்மாவிடம் கேட்டிருந்தால் எனது கதை வேறொரு இடத்தில் தொடங்கியிருக்கும்.

மீண்டும் வேலை கிடைக்கும்போது உடலுக்கு என்ன ஆகிறது என்பதை எழுதியவர் கஃப்கா. 1915இல் வெளிவந்த 'உருமாற்றம்' கதையைப் பற்றி நமது விமர்சகர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்நியமாதல், இருத்தலியல், தந்தை - மகன் முரண் என்றெல்லாம் பேசியாயிற்று. பூச்சியாகிப்போன மகன் மீதே எல்லோருடைய கண்ணும் இருந்ததால், அக்கதையில் நிகழும் இன்னோர் உருமாற்றம் அதிகம் கவனிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். கிரெகரின் தகப்பன் ஐந்து வருடங்களுக்கு முன் வியாபாரம் முறிந்தவர். அன்றிலிருந்து உடல் பருத்து, அசைவு மந்தமாகி, காலைச் சாப்பாட்டு மேசையிலேயே பத்திரிகைகளோடு மணித்தியாலக் கணக்கில் இருப்பவர். எப்போதாவது குடும்பத்தோடு உலாவப் போனால் ஊன்றுகோலை ஊன்றி எல்லோரையும் விட மெதுவாக ஊர்ந்து வருபவர். இங்கேயும் பட்டினி இல்லை. மகன் உழைக்கிறான், தகப்பன் கையிலும் சிறிது சேமிப்பு இருக்கிறது. மகன் உழைக்க முடியாமற் போனதும் அவர் ஒரு வங்கியில் ஏவலாளாகச் சேர்கிறார். அடுத்த முறை கிரெகர் பார்க்கும்போது, நீலச் சீருடையும் பொன்னிறப் பொத்தான்களுமாக, வாரிய தலையோடு, நிமிர்ந்து நிற்கிறார். அதே மனிதர்தானா என்று மகனுக்கே ஐயம் வருகிறது.

கஃப்கா 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்தவர். உழைப்புக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பைக் கோப்புகளில் தினமும் கண்டவர். ஆகவே இந்த நிமிர்வு தற்செயலானதல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் அதோடு விட்டுவிடவும் இல்லை. தகப்பன் வீட்டிலும் சீருடையைக் கழற்ற மறுக்கிறார். நாற்காலியில் அதனுடனேயே தூங்குகிறார். அது நாளுக்கு நாள் அழுக்கேறுகிறது. வங்கியின் சிறிய உத்தியோகத்தருக்குக் காலையுணவு எடுத்துக் கொடுப்பதுதான் அவரது தொழில். வேலை உடலை நிமிர்த்தவும் செய்கிறது, அடிமைப்படுத்தவும் செய்கிறது. இரண்டையும் ஒரே சீருடையில் காட்டியிருப்பதுதான் அக்கதையின் நேர்மை.

இந்த நேர்மை ஆய்வாளர்களுக்கும் தேவைப்பட்டது. யஹோடா 1982இல் எழுதிய நூலில், சம்பளத்தைத் தவிர வேலை ஒரு மனிதனுக்கு ஐந்து விடயங்களைத் தருகிறது என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், தவறாத ஒரு செயற்பாடு. இவை போகும்போது மனமும் அதன் வழியே உடலும் சரிகின்றன என்பது அவரது வாதம். வாப்பாவின் பேனை குத்திய சேட்டை விளங்கிக்கொள்ள இது எனக்கு உதவியது. ஆயினும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டால், வேலை என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் புனிதப்படுத்தி விடுவோம். வில்லி லோமனை வேலையே நோயாளியாக்கியது. டேவிட் ஃப்ரையர் போன்ற பிற்கால உளவியலாளர் இன்னொரு எதிர்வாதத்தையும் வைத்தார்கள். வேலையற்றவனைத் தளர்த்துவதில் பணமின்மையும், நாளையைத் திட்டமிட முடியாத நிலையும் பெரும்பங்கு வகிக்கின்றன என்றார்கள்.

உண்மையில் மரியன்தால் நூலிலேயே அதற்குச் சான்றிருக்கிறது. அவ்வூர்க் குடும்பங்களை மனந்தளராதவை, விட்டுக்கொடுத்தவை, விரக்தியுற்றவை, உணர்வே அற்றுப்போனவை என்று நால்வகைப்படுத்தினார்கள். வயதுவந்த ஒருவருக்கெனக் கணக்கிட்ட மாத வருமானம் முறையே 34, 30, 25, 19 ஷில்லிங் என்று இறங்கிச் சென்றது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வீழ நாலைந்து ஷில்லிங் போதுமாயிருந்தது. ஆகவே பசியை எழுதுவது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பசி இருக்கும் வீட்டில் அதை எழுதத்தான் வேண்டும். பசியை மட்டுமே காணப் பழகிய கண் மற்றவற்றைத் தவறவிடுகிறது என்பதே எனது குறை.

இன்னொரு புள்ளிவிபரத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நீண்டகாலம் ஒரே நிறுவனத்தில் உழைத்து, நிறுவனங்கள் பெருமளவில் ஆட்குறைப்புச் செய்தபோது வேலையிழந்த ஆண்களின் வாழ்வை டேனியல் சலிவன், டில் ஃபொன் வாக்டர் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். வேலையிழந்ததை அடுத்துவந்த ஆண்டில் அவர்களது இறப்பு வீதம் எதிர்பார்க்கப்பட்டதை விட 50 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. 40 வயதில் வேலையிழந்தவருக்கு ஆயுளில் ஒன்று முதல் ஒன்றரை வருடம் குறைகிறது என்று கணித்தார்கள். இவை ஒரு கூட்டத்தாரைப் பற்றிய கணக்குகள். தனியொருவரின் மரணத்துக்கு இவற்றைச் சான்றாக்க முடியாது. எனது வாப்பாவுக்கும்தான். ஆனால் அந்த ஒன்றரை வருடம் ஒரு வீட்டுக்குள் எப்படித் தேய்ந்து போகிறது என்பதைச் சொல்லப் பொருளியலாளரிடம் கருவி கிடையாது. அது கதை எழுதுபவனின் வேலை. அந்த இடத்தில்தான் நான் தவறினேன்.

ஏன் தவறினேன்? யோசிக்கையில் எனக்குக் கிடைக்கும் விடை சற்றுக் கசப்பானது. பட்டினி கிடக்கும் மனிதன் வாசகனுக்கு வசதியானவன். அவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஓர் உலர் உணவுப் பொதியோடு கதையும் முடிகிறது, மனச்சாட்சியும் ஆறுகிறது. சோறிருந்தும் நோயுறுகிற மனிதனுக்கு என்ன கொடுப்பது? அவன் கேட்பது, தன்னால் பிறருக்குப் பயனுண்டு என்ற ஒன்றை. மில்லரின் நாடகத்தில் அயலவனான சார்லி வாராவாரம் வில்லிக்குக் காசு கொடுக்கிறான். வில்லி அதைத் தன் சம்பளமென்று லிண்டாவிடம் காட்டுகிறான். கடன் வாங்கும் அவனது கை, சார்லி தரும் வேலையை மட்டும் ஏற்க மறுக்கிறது. கடைசியில் தன் உயிரையே 20,000 டொலர் காப்புறுதிப் பணமாக மாற்றத் துணிகிறான். வீட்டுக் கடனின் இறுதித் தவணை அவனை அடக்கும் நாளில்தான் கட்டி முடிகிறது. இரக்கத்தின் எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பிரதி எனக்குத் தெரியாது.

நமது சூழலில் இது வெறும் இலக்கிய விவகாரமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வீட்டையும் காணியையும் மட்டும் இழக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தையற்காரரும் இரும்பு வியாபாரியும், மன்னாரின் மீனவரும் விவசாயியும் தத்தமது தொழிலையும் இழந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் புத்தளத்து முகாம்களுக்குப் போயிருந்தபோது நான் கண்ட ஒரு காட்சி இப்போது வேறு விதமாக அர்த்தப்படுகிறது. பெண்கள் விடியற்காலையில் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்கு விரைந்தார்கள். கிடுகுக் கொட்டில்களின் முன்னால் ஆண்கள் குந்தியிருந்தார்கள். நாற்பது வயதுக்காரர் அறுபது வயதுக்காரரைப் போல எழுந்து நடந்தார். எங்களோடு வந்த ஒருவர், "இவங்க சோம்பேறியாப் போனாங்க" என்றார். நானும் மறுத்துப் பேசவில்லை. மரியன்தாலின் ஜன்னலோரத்தில் கடிகாரத்தோடு இருந்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இடம்பெயர்வு பற்றி நம்மவர் நிறைய எழுதினோம். மண்ணின் ஏக்கத்தை எழுதினோம். தையல் மெசினை இழந்த காலும் கையும் என்னவாயின என்பதைப் போதியளவு எழுதினோமா என்பது என் கேள்வி.

2020இன் ஊரடங்குக் காலத்திலும் 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் மீண்டும் பலர் வேலையிழந்தார்கள். அவர்களைப் பற்றிய கதைகள் வரும்போது, விமர்சகர்களாகிய நாம் 'வறுமையைத் தத்ரூபமாகச் சொல்கிறது' என்ற பழைய வாக்கியத்தோடு நின்றுவிடலாகாது. இந்த மனிதனுக்குத் தூக்கம் எப்போது போனது? அவன் தெருவில் எப்படி நடக்கிறான்? முன்னர் எதை வாசித்தான், இப்போது எதை விட்டுவிட்டான்? கிளினிக்கில் தொழில் என்னவென்று கேட்டால் என்ன பதில் சொல்கிறான்? இவற்றைக் கேட்டுக் கதையை வாசிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மரியன்தால் பெண்கள், ஆலைக்குப் போன காலத்தில் இரட்டைச் சுமை சுமந்தும், மீண்டும் அங்கே போகவே விரும்பினார்கள். பணத்துக்காக மட்டுமல்ல என்றும் சொன்னார்கள். நமது ஆடைத் தொழிற்சாலைகளில் வேலையிழந்த பெண்களை 'வீட்டுக்குத் திரும்பியவர்கள்' என்று எழுதி முடித்துவிடுகிற பேனைகள் இதையும் கவனிக்க வேண்டும்.

அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. திருத்திப் பார்த்தேன், திருந்தவில்லை. பட்டினியை எடுத்துவிட்டால் அதில் எதுவும் மிஞ்சவில்லை. புதிதாகத்தான் எழுத வேண்டும். போன வாரம் உம்மாவிடம் கொப்பியோடு போய் இருந்து, வாப்பா கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது என்று கேட்டேன். உம்மா யோசித்துவிட்டு, கடைக்குக் கம்பியூட்டர் வந்த கிழமையைச் சொன்னார்.